இருவர் நடந்த குடை

கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் குடை, இன்று வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவின் பின்னால் தொங்குகிறது. இருவர் நனையாமல் நடக்கக்கூடிய அகலம். கம்பிகள் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைக்கிறேன். விரிப்பதில்லை.

நான் அவருடைய காரியதரிசி. தண்ணீர் மோட்டார் வியாபாரம். ஜெர்மன் கம்பனி ஒன்றுடன் அவர் கூட்டுச் சேர்ந்தபோது, மோட்டார் அவர்களுடையது, சந்தை எங்களுடையது. மோட்டாரின் உட்பாகம் முத்திரையிட்ட பெட்டியில் வரும். திறக்க எங்களுக்கு அனுமதியில்லை. எங்களுடைய பங்கான கடைக்காரர் பழக்கத்துக்கோ பெட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை. தீபாவளிக்கு முன் முதலாளி புறக்கோட்டைக் கடைகளுக்கு நேரில் போவார். பால் விடாத பிளேன்டீ குடிப்பார். வியாபாரம் மட்டும் கதைக்கமாட்டார். அந்த முதல் வருடம் ஜெர்மன் மனேஜரையும் குடைக்குள் சேர்த்துக்கொண்டு நடந்தார். பலகாரப் பெட்டிகளுடன் நான் பின்னால். ஒவ்வொரு கடையிலும் அவர் சொன்னது ஒன்றுதான்: “இவர் எங்கட வீட்டுப் பிள்ளை. என்னோட கதைக்கிற மாதிரி இவரோடயும் கதைக்கலாம்.”

திரும்பும்போது கேட்டேன்: “எல்லாக் கடையையும் காட்டிட்டீங்கள் ஐயா. இனி அவைக்கு நாங்கள் எதுக்கு?”

அவர் சிரித்தார். “கலியாணத்தையும் கட்டிப்போட்டு அலுமாரியைப் பூட்டித் திறப்பை ஒளிக்கேலுமே பிள்ளை?”

அடுத்த தீபாவளிக்கு மனேஜர் எங்களுக்கு முன்பே தனியாகப் போய்வந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கொள்ளுப்பிட்டியில் அவர்களே சொந்த அலுவலகம் திறந்தார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. ஒருவருக்குத் தெரியாதது மற்றவரிடம் இருக்கும்வரைதான் இப்படிப்பட்ட கூட்டு நிற்கிறது. அவர்கள் கற்று முடித்துவிட்டார்கள். நாங்கள் முத்திரையைக்கூட உடைக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கும் முதலாளி புறப்பட்டார். கடைகள் தன்னை விடாது என்று நம்பினார். நல்ல மழை. முதல் கடை, அவருடைய நெடுநாள் நண்பரான முஸ்லிம் வியாபாரியுடையது. அவர் எழுந்து வரவேற்றார், பிளேன்டீ கொடுத்தார். பிறகு முதலாளியின் தோளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்துக் கேட்டார்: “வெள்ளக்காரத் தொர வரல்லையா ஐயா?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். முதலாளி தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். “இல்லை. இந்த முறை நான் மட்டும்தான்.” இரண்டாவது கடைக்கு அவர் போகவில்லை. குடையை என் கையில் தந்து, “நீயே கொண்டு போ பிள்ளை,” என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி நடந்தார். அலுவலகத்துக்கு அவர் பிறகு வரவேயில்லை.

எங்கள் மாடியில் தண்ணீர் ஏற்றுவது அந்தக் கம்பனியின் மோட்டார்தான். காலி வீதியில் மழை கொட்டும்போதும் அதன் இரைச்சல் எனக்குத் தனியாகக் கேட்கும். கை குடைவரை போகும். விரித்தால், பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து, அவர் வரவில்லையா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றிருக்கும். நனைந்துகொண்டே போகிறேன்.