வெள்ளோட்டம் பார்ப்பவர்

தாமோதரன் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருக்கிறார். அடியில் பழைய பட்டியல், மேலே புதியது. வெயில் ஊடுருவ, வரி வரியாக விரல் இறங்குகிறது. கம்ப்யூட்டருக்கு வெயில் ஆகாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பரிசோதிக்க அவர் அதைத்தான் விலக்குகிறார்.

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றில் அவருக்கு மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. உர விநியோகம், விதை நெல் என்று இருபத்தாறு புரோகிராம்கள் ஓடுகின்றன. அவை எழுதப்பட்ட கணினி மொழிக்குப் புதுப் பதிப்பு வரப்போகிறது. கம்ப்யூட்டரை இரவலாகத் தந்திருக்கும் மெட்ராஸ் கம்பெனி, கடைக்கு வருமுன் அந்தப் பதிப்பை வெள்ளோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பார்த்து, படிவத்தில் 'பிழை உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும்.

சந்தேகம் அவருக்குப் பிறவிக் குணம். சாலவாக்கம் பஸ்ஸில் போர்டைப் படித்து, கண்டக்டரைக் கேட்டு, பக்கத்து ஆளையும் ஒருதரம் கேட்பார். பத்து வருஷமாக அதே பஸ். கிளி ஜோசியத்தை மட்டும் மறுகேள்வியின்றி நம்புவார்.

"எர்ரர்னு கத்திச்சுன்னா தேவல சார். கம்முனு கீது பாருங்க, அதான் பேஜாரு" என்பார்.

இன்றும் கம்மென்றுதான் இருந்தது. யூரியா பட்டியலில் நாற்பத்தொரு பேரைக் காணோம். எல்லோரும் ஏரிப் பாசனக்காரர்கள். கிணற்று எண் எழுத வேண்டிய கட்டம் அவர்களுக்குக் காலி. பழைய பதிப்பு காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. புதியது ஆளையே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பட்டியலில் பேரில்லாவிட்டால் மூட்டை இல்லை. நெல்லோ தூர் கட்டி, உரத்துக்குக் காத்து நிற்கிறது.

மேனேஜர் வேதாசலம் எட்டிப் பார்த்தார். "எர்ரர் வந்துச்சாயா?"

"வரல சார். ஆளுங்கதான் வரல."

"மூணு வாட்டி 'உண்டு'ன்னு எழுதுன. கம்பெனிக்காரன் உன் புரோகிராம்தான் தப்புன்னான். இந்த வாட்டியும் எழுதுனா மிஷினயே தூக்கிக்கினு பூடுவான். அப்பால நீ எதுக்கு? 'இல்ல'ன்னு போடு, அடுத்த மாசம் பர்மனென்ட்டு."

"அந்த நாப்பத்தோரு பேரு?"

"கெணறு வெட்டிக்கினு வரச் சொல்லு."

அவர் போனபின் தாமோதரன் நாற்பத்தொரு பேரையும் இன்னொரு தடவை எண்ணினார். படிவத்தில் 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்து, தன் சீப்பையும் விபூதிப் பொட்டலத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தோடு மேனேஜர் அறைக்கு நடந்தார்.