மகனுக்கென்று எடுத்த மச்சு அறை

அருப்புக்கோட்டையில் எங்களுடையது ஓட்டு வீடு. கூடத்துக்கு மேலே பனங்கட்டைகள் பரப்பிப் பலகை அடித்த மச்சு ஒன்று உண்டு. திருச்சுழிப் பக்கம் இருந்த எங்கள் புஞ்சைக் காட்டில் விளைகிற பருத்தியை, விலை வரும்வரை அங்கேதான் போட்டு வைப்போம். பருத்தி இல்லாத காலத்தில் ஓட்டைக் குடமும் பழைய தொட்டிலும் எலியும்.

எங்கள் ஒரே மகன் மதுரையில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தான். விடியக் கிளம்பிப் பஸ்ஸில் போய், இருட்டின பிறகு வருவான். எண்பதுகளின் கடைசியில் அவனுக்குப் பெண் பேசி முடித்தோம். முடித்த அன்றே, "கல்யாணத்துக்கப்புறம் மதுரையிலேயே வீடு பாத்துக்கிடுறேம்மா" என்றான்.

"ஏன்டா, இந்த வீடு ஒன்னய என்ன பண்ணுச்சு?"

"இருக்கிறது ஒரே கூடம். நாங்க எங்க படுக்க, கிணத்துக்குள்ளயா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கர்த்தர் கொடுத்தது ஒரு பிள்ளை, அதையும் அனுப்பிவிட்டு இருக்க எனக்கு மனசில்லை. இவுகதான், என் வீட்டுக்காரர்தான், வழி சொன்னார்கள். "மாடி எடுத்தா இந்தச் செவரு தாங்காது. மச்சை ரூமாக்கிருவோம்."

கரித்துண்டை எடுத்துக் கூடத்துச் சுவரிலேயே படம் போட்டார்கள். ஓட்டைப் பிரித்துப் பக்கச் சுவரை உயர்த்த வேண்டும். உளுத்த கட்டைகளை மாற்ற வேண்டும். மேற்கே ஒரு ஜன்னல், ஏணிக்குப் பதில் மரப்படி. நான் கேட்டது ஒன்றுதான், உள்தாழ்ப்பாள் போட்ட கதவு.

"படிக்கு மேல எதுக்குக் கதவு?"

"புதுசாக் கட்டிக்கிட்டதுகளுக்குக் கதவு வேணாமா?"

கரித்துண்டை மறுபடி எடுத்துப் படத்தில் கதவையும் போட்டார்கள்.

மழை வராது என்ற தைரியத்தில் கோடையில் ஓட்டைப் பிரித்தோம். வீடெல்லாம் புழுதி, சோற்றிலும் புழுதி. வேலை பார்த்த ஆசாரி, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க. மாப்பிள்ளை குனிஞ்சே நடந்தா கூனு விழுந்துரும்" என்றார். "கல்யாணம் ஆனா எப்படியும் விழத்தானப்பா போகுது" என்றார்கள் இவுக. நான் கீழேயிருந்து முறைத்தேன். சூடு இறங்காமலிருக்க ஓட்டுக்கு அடியில் தென்னங்கீற்று அடித்து, வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடும் பதித்தோம். வேலை முடிந்ததும் ஏறிப்போய், காயாத சுண்ணாம்பு வாசத்தில் உட்கார்ந்து, இனி பிள்ளை போகமாட்டான் என்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் பண்ணினேன்.

ஜெபிக்காமல் புது இடத்தில் பாய் விரிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் போதகர் ஐயாவை அழைத்தோம். அவரோடு வெள்ளிக் கூட்டத்து ஜனம் முழுக்க வந்துவிட்டது. எங்கள் சபையில் அந்தக் கூட்டம் வாரத்துக்கு ஒரு வீடு என்று சுற்றும். எந்த வீட்டிலும் இடம் பற்றாது, பாதிப்பேர் தெருவில் நிற்பார்கள். எங்கள் மச்சில் எல்லோரும் அடங்கினார்கள். ஜன்னலில் மேல்காற்று. பாடினால் கோயிலில் பாடினதுபோலக் கேட்டது. ஜெபம் முடியும்போது கண்ணாடி ஓட்டு வழியே இறங்கின வெயில் போதகர் ஐயா தலைமேல் விழ, கூட்டமே அல்லேலூயா என்றது.

சபை மூப்பர் எழுந்தார். "ஆண்டவரோட சீஷர்கள் கூடினதும் மேல்வீட்டறையிலதானே! ஆண்டவர் இந்த வீட்டைத் தெரிஞ்சுக்கிட்டாரும்மா. இனிமே வெள்ளிக்கூட்டத்தை இங்கயே வச்சுக்கிருவோம்."

இவுக என்னைப் பார்த்தார்கள். நான் இவுகளைப் பார்த்தேன். ஆண்டவருக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது? வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு, ஆண்டவர் பிறக்க இடம் கொடுக்காத அந்தச் சத்திரக்காரனைத் திட்டிப் பழகிய வாய். "சரிங்கய்யா" என்றேன்.

மருமகள் நரிக்குடிப் பக்கத்துப் பெண். வாய் துடுக்கு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை அவளே பாயைச் சுருட்டி, பெட்டியைத் துணி போட்டு மூடி இடம் பண்ணினாள். பிறகு செவ்வாயில் பெண்கள் உபவாச ஜெபம் சேர்ந்தது. பரீட்சை வந்தால் பிள்ளைகளுக்கு ஜெபம். ஜெபம் முடிந்தும் அங்கேயே காலை நீட்டிப் பேச்சு. ஒருநாள் தலைவலி என்று கதவைத் தாழ்போட்டுப் படுத்திருந்தாள். ஜெபத்துக்கு முன்னாடியே வந்த ஒரு அக்கா கதவைத் தட்டி, "என்னம்மா, ஜெப அறையில பட்டப்பகல்ல படுத்துக் கெடக்க?" என்று கேட்டிருக்கிறாள்.

மருமகள் இறங்கி அடுப்படிக்கு வந்தாள். "அத்தை, எங்க ரூமுல ஜெபம் நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஜெப அறையிலதான் நாங்க குடியிருக்கோம் போல. வாடகை கேக்காம இருந்தாச் சரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே இவுகளிடம், "கூட்டத்தைப் பழையபடி வீடுவீடா வச்சுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நீயே சொல்லேன்."

"நீங்க ஆம்பளை, நீங்க சொல்லுங்க."

"மூப்பர்ட்டப் போயி, எங்க வீட்டுல ஜெபம் வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. கேட்டிருந்தால் சபையார் கோபித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆண்டவர் நிச்சயமாகக் கோபித்திருக்க மாட்டார். அவர் எங்களிடம் அந்த அறையைக் கேட்கவேயில்லை.

தொண்ணூறு பிறந்து கொஞ்ச காலத்தில் மகன் வந்து, பட்டறைப் பக்கமே வீடு கிடைத்துவிட்டது என்றான். போய்ப் பார்த்தேன். ஒரே அறை, எங்கள் மச்சைவிடச் சிறுசு.

"இதுக்கு அங்கயே இருக்கலாமேம்மா" என்றேன் மருமகளிடம்.

"இங்க கதவைச் சாத்துனா சாத்துனதுதான் அத்தை" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லோடு வண்டியில் சாமான் போனதற்கு மறுநாள் வெள்ளிக்கூட்டம். முன்னைவிட இப்போது தாராளமாக இருக்கிறது என்று வந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். மூப்பர் எழுந்து, "இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மதுரையில நல்ல வீடு கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இவுக தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு நானும் சொன்னேன்.