கிடங்குக் கரையில் சிந்திய அரிசி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் அப்பாவின் நேர்மையைப் பற்றிப் படிக்க எதிர்பார்ப்பீர்கள். அதை மனமார எழுதுகிறேன். ஆனால் எங்கள் குடும்பம் தலைகுனிய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்குக் கூசுகிறது.

ரெம்பியா பக்கத்துத் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். வெறுங்காலோடு நடந்து போய் ஆங்கிலம் படித்தார். மீசை அரும்பும் வயதிலேயே மலாக்கா சரக்கு ரயிலில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளை கால்சட்டை போட்டு மேசை முன் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் பெரிய சேதி.

அந்த ரயிலைப் பார்த்தவர்கள் இன்று அதிகம் இல்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த கம்பிச்சடக்கில், அந்த ரயில் பாதையில், ஒரு கிளை கடலோரக் கிடங்குகள் வரை போயிருக்கிறது. தோட்டங்களின் ரப்பர் அதில் வந்து இறங்கும். கப்பலில் வந்த ரங்கூன் அரிசி அதே பெட்டிகளில் ஏறித் தோட்டங்களுக்குப் போகும். எந்தப் பெட்டியில் எத்தனை மூட்டை என்று பார்ப்பது அப்பாவின் பொறுப்பு. ஒரு மணி அரிசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்று சொல்வார். அது உண்மைதான்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் கம்பிகளைப் பெயர்த்துச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே அங்கே ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா எப்படியோ தப்பினார். போருக்குப் பிறகு தோட்டக் கிராணியாக இருந்து, ஓய்வுபெற்று, பெம்பானில் எங்களோடு தங்கினார். கிடங்குகளுக்கு முன்னால் இருந்த கடலையும் மண்ணைக் கொட்டித் தூர்த்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். ஆக, அந்த ரயில் கடைசியில் அப்பாவின் பேச்சில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருபவர்களிடம் அதன் கதையை முதலிலிருந்து சொல்வார்.

என் அம்மா காலமான பிறகு, தனியாக இருந்த என் மாமியாரையும் நாங்கள் அழைத்துவந்து வைத்துக்கொண்டோம். அத்தை வந்த நாளிலிருந்து சமையலறை அவர் கைக்குப் போனது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அள்ளி முகர்ந்து பார்ப்பார். புது மூட்டை என்றாலும் விடமாட்டார். "அத்தை, அது அரிசியா, அத்தரா?" என்று நான் சீண்டுவேன். "சம்பந்தியம்மாவுக்கு மூக்குலதான் கண்ணு" என்பார் அப்பா. அத்தையும் கூடச் சிரித்துக்கொள்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி. என்னோடு வேலை செய்யும் நண்பர்கள் வந்திருந்தார்கள். அப்பா வழக்கம்போல ரயில் கதையைத் தொடங்கி, அவருக்குப் பிடித்த இடத்துக்கு வந்தார்.

"கொக்கி பட்டு மூட்ட கிழியும், அரிசி சிந்தும். அத அள்ளிக்கிட்டுப் போவ பொம்பளைங்க வெளக்குமாத்தோட வந்து நிப்பாளுங்க. அவளுங்களுக்காகவே ஆளுங்க மூட்டையக் கிழிக்கிறானுங்கன்னு தொர என்னையத்தான் ஏசுவான். விடுவேனா? சிந்துன அரிசி மேல பினாயில ஊத்தச் சொல்லிட்டேன். ரெண்டே நாளு. அப்புறம் ஒருத்தி வரணுமேலா."

எல்லாரும் சிரித்தார்கள். பலமுறை கேட்ட கதைதான், நானும் சிரித்தேன்.

"அப்ப அந்த அரிசி வீணாத்தானே போச்சு, கிராணியாரே?" என்று கேட்டார் ஒரு நண்பர்.

வடைத் தட்டோடு வாசற்படியில் நின்ற அத்தை பதில் சொன்னார். "வீணாப் போவல தம்பி. நாங்க கூட்டி அள்ளிக்கிட்டுப் போனோம். எத்தன தண்ணி விட்டுக் கழுவியும் வாடை போவல. அதையேதான் ஆக்கித் தின்னோம். என் தம்பி சின்னப் புள்ள, வயித்தால போயி எந்திரிக்க முடியாமக் கெடந்தான். அதுக்கப்புறந்தான் அந்தப் பக்கம் போறத நிறுத்துனோம்."

தட்டை மேசையில் வைத்தார். "சாப்பிடுங்கலா, வடை ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வடையை யாரும் தொடவில்லை. அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நண்பர்கள் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவும் இடத்தில் என் மனைவி அத்தையிடம் கேட்டாள்.

"எங்க கல்யாணத்தப்பவே மாமாதான் அந்தக் கிராணின்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

"பாத்ததுமே தெரிஞ்சிச்சு. நல்ல எடம், மாப்பிள்ளையும் நல்ல புள்ள. அத எதுக்குக் கெடுக்கணும்?"

"இத்தன வருஷமா இந்தக் கதையக் கேட்டுக்கிட்டு இருந்தியேம்மா."

"வயசானா விட்டுருவாருன்னு பாத்தேன். விடவே இல்ல."

நான் அடுத்த அறையில் நின்று இதைக் கேட்டேன். அத்தை முகர்ந்து பார்த்த ஒவ்வொரு பிடி அரிசியும், நான் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் என் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு ரயிலைப் பற்றிப் பேசவே இல்லை. அத்தை அரிசியை அள்ளும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் மலாக்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தூர்த்த நிலத்தில் நின்ற கடைகளைக் காருக்குள் இருந்தே பார்த்தார்.

"இங்கதான்டா" என்றார்.

"அத்தைகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்களேன்ப்பா" என்றேன்.

"சொல்றேன்டா. சொல்றதுக்கு நேரம் வரட்டும்."

நேரம் வரவில்லை. பக்கவாதம்தான் வந்தது, பேச்சும் போனது. தோட்டத்தில் பிறந்தவர், அரிசியின் அருமை தெரிந்தவர், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே போனார். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது அத்தைதான். ஊட்டும்போது அப்பாவின் கண் கலங்கும். அதை மன்னிப்பு கேட்டதாக நான் எழுதமாட்டேன். கேட்க வேண்டியவர் வாய் இருந்தபோது கேட்கவில்லை. அவருடைய மகனாக நான் இங்கே கேட்கிறேன். அந்தக் கிடங்குக் கரையில் விளக்குமாறோடு நின்ற மற்றப் பெண்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களிடமும் கேட்கிறேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், பந்தலும் நாற்காலியும் கொண்டுவந்து போட்ட பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய கோயில் நிர்வாகத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "எம் பேரப் போடாத. மத்தத போட்டுக்க" என்றார்.

வாய்க்கரிசி போட்டபோது அருகில் இருந்தவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் தலைமாட்டில் அத்தை குனிந்தார். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினார். கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. ஒரு கணம் முகர்ந்தார். பிறகு அப்பாவின் காதருகே, எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வாடை இல்லீங்க சம்பந்தி. நல்ல அரிசிதான்."

சொல்லிவிட்டு அதை அவர் வாயில் போட்டார்.