அலசாமல் விட்ட கல்

சந்தனமரியின் வயிற்றில் கல் இருந்தது உண்மை. டாக்டர் அதை வெளியே எடுத்ததும் உண்மை. மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் அது கிடந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் புருஷன் செபாஸ்டின் காப்பிக்கு முன்னால் குப்பியைத்தான் நீட்டுவான். "பித்தப்பைக் கல்லு. மாதா கிருபையில எடுத்தாச்சு" என்று குலுக்கிக் காட்டுவான். வந்தவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே அவன் மாதாவுக்கு நேர்ந்திருந்தான். தையல் பிரித்து அவள் வீடு திரும்பியதும் ஊரறிய நன்றிப் பூசை வைத்து, வயிறு உருவம் பொறித்த வெள்ளித் தகட்டை மாதா கோயிலில் காணிக்கையாகப் போட்டான். வயிற்றைத் திறந்து பிழைத்து வந்தவர்கள் அன்றைய தூத்துக்குடியில் குறைவு. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அப்புறம்தான் வந்தது.

சில மாதங்களில் வலி திரும்பிவிட்டது. அதே வலது விலாவுக்குக் கீழே, அதே முதுகுக் குத்து. சீலாமீன் பொரித்துத் தின்ற ஒரு நாள், குசினித் தரையில் பாத்திரங்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள்.

"கல்லு இன்னும் உள்ள இருக்குங்க" என்றாள்.

"ஏளா, கல்லு எங்க இருக்கு? இந்தா இருக்கு!" செபாஸ்டின் குப்பியை எடுத்து வந்து அவள் முகத்துக்கு நேரே குலுக்கினான்.

நாத்தனார் பிலோமி ஒரு படி மேலே போனாள். "தகடு போட்ட பொறவும் வலிக்குன்னா என்ன அர்த்தம்? மாதாவப் பொய்யாக்குதியா நீ? வெளிய சொல்லிராத, ஊரு சிரிக்கும்."

அதோடு சந்தனமரியின் வாய் அடைத்துப் போயிற்று. வலிக்கிறது என்றால் மாதா பொய். வலிக்கவில்லை என்றால் அவள் பொய். மாதாவைப் பொய்யாக்க எந்தப் பொம்பளைக்குத் துணிச்சல் வரும்? அவளே பொய்க்காரி ஆனாள். அடுப்படிக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாள் என்று பிலோமி தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். சித்திரை வெயிலில் குளிர் நடுங்கிக் கம்பளிக்குள் கிடந்தபோது அதுவும் நடிப்புதான். கண் மஞ்சளித்தபோது மட்டும் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் தானாக வடிந்தது, பொய்க்காரி என்ற பழி மட்டும் அப்படியே நின்றது. இப்படியே வருஷங்கள் போயின.

செபாஸ்டின் மடையன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இப்போது சங்கு வாங்கி விற்றாலும், இளவட்டத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பி அலசும் வேலைக்குப் போனவன். சிப்பியை அழுக விட்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, கடைசியில் அடியில் தங்கும் கசடைக்கூடக் காயவைத்துக் கிளறுவார்கள். "ஒரு தண்ணியில அலசிட்டு முத்து இல்லன்னு சொல்லுதவன் தொழில்காரனே இல்ல" என்று இன்றும் பீற்றிக்கொள்வான். செத்த சிப்பிக்கு அத்தனை தண்ணீர். பெண்டாட்டிக்கு ஒரு தண்ணீரோடு சரி.

புதுத் துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் தம்பி ஜேசுபாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான். "என்னக்கா, கண்ணு ரெண்டும் மஞ்சக்கிழங்கா இருக்கு?" அவள் அழுதாள். குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்த செபாஸ்டினை அவன் பேச விடவில்லை. "அத்தான், மாதாவுக்குக் குத்தம்னா நான் சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுதேன். நீங்க மெட்ராசுக்குக் கெளம்புங்க."

வாய்வழியே குழாய் விட்டுப் பித்தக்குழாயைப் பார்க்கிற ஒரு டாக்டர் மெட்ராசில் இருந்தார். மூன்று பேரும் ரயில் ஏறினார்கள். தொண்டை மரக்க மருந்து அடித்து அவளை மேசையில் படுக்க வைத்தார்கள். குழாயைக் கண்டு அவள் பயப்படவில்லை. உள்ளே ஒன்றும் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தாள். பிறகு சாகிறவரை பொய்க்காரிதான். கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள்: கல்லு இருக்கணும் தாயே. மாதாவிடம் இப்படியொரு வரம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குழாய் வழியாக மருந்தைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். வெள்ளையாக ஓடிய பாதைக்குள் கறுப்புக் கறுப்பாய் உருண்டைகள்.

"பையில இருந்த கல்லைத்தான் எடுத்திருக்காங்க. குழாய்க்குள்ள இருந்தது அப்படியே தங்கிடுச்சு. திரும்பவும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். ஆனா ஈரல் கெட்டுப் போயிருக்கு. வலி வந்தப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?"

சந்தனமரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். நீ சொன்னது மெய்தான் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். செபாஸ்டின் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"இத ஊர்ல போயி சொல்லிராத. தகடு வேற அங்கன தொங்குது."

தொண்டை மரத்திருந்ததால் அவளால் அப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது ஆபரேஷனில் எடுத்த கல்லையும் ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அதை வழியில் எங்காவது வீசிவிட செபாஸ்டின் கேட்டான். அவள் கொடுக்கவில்லை. மடியில் முடிந்து ஊர் வந்து, பிலோமியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்க்க வந்த அன்று, மாதா படத்தடியில் பழைய குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னளா இது?" என்றாள் பிலோமி.

"அது நீங்க நம்புன கல்லு மதினி. இது நான் சொன்ன கல்லு."

சந்தனமரி அன்றைக்குத்தான் வயிறாரக் கஞ்சி குடித்தாள். ஆனால் ஈரல் தேறவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் வயிறு நீர் கோத்துப் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே பிலோமி மாதா படத்தடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் குப்பையில் போட்டாள். எதை என்று சொல்லவும் வேண்டுமா? மற்றது அங்கேயேதான் இருக்கிறது. யாராவது வந்தால் செபாஸ்டின் இப்போதும் அதைக் குலுக்கிக் காட்டுகிறான்.