அடிக்கவில்லை என்று சொன்னவர்

பாரிஸில், லா சப்பலில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில், பக்கத்துத் தொட்டியில் கழுவியவர் ஒரு கியூபாக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவார். சமையலறைப் பொடியன்கள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஊரில் அவர் பேஸ்போல் ஆட்டக்காரர், பந்து எறிகிறவர். மத்தியான வேலை முடிந்து கிடைக்கும் ஓய்வில், பின்முற்றத்துச் சுவரில் கரியால் ஒரு சதுரம் கீறி, அதற்குள் எறிவார். மழை, பனி ஒன்றும் பார்ப்பதில்லை. நாங்கள் பேசியது அரைகுறைப் பிரெஞ்சு. எனக்கு அது ஊர்த் தமிழாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

"உது எறி. எங்கட கிரிக்கெட் அம்பயர் எண்டால் முதல் பந்துக்கே நோபோல்" என்று கேலி செய்வேன்.

"எறியத்தானே வேணும், அண்ணை" என்பார்.

அவருடைய நாட்டில் சோஷலிசம். சப்பாத்து, கையுறை, சம்பளம் எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. அரிசிக்கும் அவரைக்கும் கூப்பன். தாயின் இருதய ஆப்பரேஷனுக்குச் சல்லிக்காசு வாங்கவில்லை. தமையன் படகேறி அமெரிக்கா போன மறுவாரம் ஓர் அதிகாரி வந்து, இனி விளையாட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருஷம் இவர் கரும்பு வெட்டினார். பின்னேரங்களில் ஆலைச் சுவரில் எறிந்துகொண்டே இருந்தார். ஐந்தாம் வருஷம் அணிக்கு ஆள் போதாமல் கூப்பிட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு போட்டி முடிந்து திரும்பும்போது, பாரிஸ் விமானநிலையத்தில் கழிப்பறைக்கென்று போனவர் அணியை விட்டு நழுவி வெளியே வந்துவிட்டார்.

அகதி கார்ட் கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், அங்கே சிறை. விசாரணைக்கு முன்பு, ரூ பஜோல் தெருவில் எங்கள் ஆட்களுக்கு அகதிக் கேஸ் எழுதும் ஐயாவிடம் அவரைக் கூட்டிப்போனேன். கதையைக் கேட்ட ஐயா பேனையை மூடினார்.

"தம்பி, இதிலை அடி எங்கை? அடி இல்லாமல் ஆர் கார்ட் குடுக்கிறான்?"

எனக்கும் அவர்தான் எழுதினார். எனக்கு நடந்தது அரைப் பக்கமும் வராது: சோதனைச் சாவடியில் என் தம்பியைப் பிடித்தார்கள், என்னைப் போகச் சொன்னார்கள், அவன் திரும்பி வரவில்லை. ஐயா அதை விட்டுவிட்டு, என் கைகளைக் கட்டித் தொங்கவிட்டு அடித்ததாக நாலு பக்கம் எழுதினார். கார்ட் கிடைத்தது.

"அடிச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ" என்று கியூபாக்காரரிடம் கெஞ்சினேன்.

"அடிக்கேல்லை, அண்ணை. எறிய விடேல்லை. அதைத்தான் சொல்லுவன்."

அதையேதான் சொன்னார். தாயின் ஆப்பரேஷனையும் சேர்த்துச் சொன்னாராம். விசர் மனுசன்!

மேல்முறையீடும் சரிவரவில்லை. கடைசிக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆபத்து நிரூபிக்கப்படவில்லை, ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. தொட்டித் தண்ணீர் ஆறிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

"உங்களுக்கு என்ன நடந்தது, அண்ணை?" என்று கேட்டார். அதுவரை அவர் கேட்டதில்லை.

ஐயா எழுதிய நாலு பக்கமும் எனக்கு மனப்பாடம். விசாரணையில் சொன்ன மாதிரியே ஒப்பித்தேன். கயிறு, தடி, மிளகாய்த்தூள். முடிப்பதற்குள் அவருடைய கண் நிரம்பிவிட்டது. ஈரக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடவி, கயிறு இறுகிய தழும்பைத் தேடினார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

எனக்காக ஒருவர் அழுதது அன்றைக்குத்தான். தம்பிக்காக நான் இன்னும் அழவில்லை.