விழுந்து எழுவதற்கு ஒரு வகுப்பு

நோயாளி செய்ய வேண்டிய வேலையை நோயாளியையே செய்ய வைத்து, செய்தது போதாது என்று திட்டவும் திட்டி, கடைசியில் நன்றியும் எதிர்பார்க்கிற தொழில் பிசியோதெரபி.

உங்களில் பாதிப் பேருக்கு முழங்காலோ முதுகோ தோள்பட்டையோ மக்கர் பண்ணியிருக்கும். யாராவது ஒரு பிசியோதெரபிஸ்ட் குச்சி மனிதன் படம் போட்ட தாளைக் கொடுத்து, "தினமும் ரெண்டு வேளை செய்யுங்க" என்று சொல்லியிருப்பார். அந்தத் தாள் இப்போது உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே, கேஸ் புத்தகத்துக்கு அடியில் கிடக்கும். வெட்கப்படாதீர்கள். எனக்கும் முதுகுவலி உண்டு. என் தாளும் அங்கேதான் கிடக்கிறது.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி வந்து, ஸ்ரீரங்கத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். ஜிம் என்று நினைத்து எட்டிப் பார்க்கும் காலேஜ் பையன்கள் உள்ளே இருக்கும் கூட்டத்தைப் பார்த்ததும் "சாரி ஆன்ட்டி" என்று ஓடிவிடுவார்கள். சர்க்கரை, பக்கவாதம், நடுக்குவாதம், இதய ஆபரேஷன் என்று, ஆஸ்பத்திரி கைகழுவிய பிறகும் மிச்ச ஆயுளுக்கு அந்த உடம்போடு குடித்தனம் நடத்த வேண்டியவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். அவர்களில் பத்து மணி கிளாஸுக்கு வந்து என்னை ஒரு வழி பண்ணிய நான்கு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருபது படி

முதலில் நான் பிடித்த இடம் மாடியில் இருந்தது. வாடகை குறைவு. காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். நடக்க முடியாதவர்கள் வரப்போகிற இடத்துக்கு இருபது படி ஏற வேண்டுமே என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்த மண்டை அது.

திறப்பு விழா அன்று முதல் ஆளாக வந்து சேர்ந்தவர் டேனியல் சார். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பைபாஸ் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து, மீதிப் படியில் உட்கார்ந்து, ஒரு வழியாக மேலே வந்தார். நான் பெருமையாக, "வாங்க சார், நல்லா ஏறிட்டீங்களே" என்றேன். கீழே தெருவில், பக்கவாதம் வந்த பெரியசாமி என்ற விவசாயி தன் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். டேனியல் சார் ஜன்னல் வழியாக அவரைக் காட்டிச் சொன்னார்:

"ஏம்மா, மேலே ஏறி வந்தவனுக்கு எதுக்கு வைத்தியம்? நீ கீழே எறங்கிப் போயி அந்த ஆளைப் பாரு, அவருக்குத்தான் நீ வேணும்."

கரண்ட்

அடுத்த மாதமே கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டேன். முன்பு கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விட்ட கடை அது. பெரியசாமி அண்ணன் உப்பிலியபுரத்திலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருவார். வலது கையும் காலும் பாதிதான் பேச்சைக் கேட்கும். வந்த நாளிலிருந்து அவருக்கு என் மேல் ஒரே குறைதான். நான் "கரண்ட் வைப்பதில்லை".

தமிழ்நாட்டில் என் தொழிலுக்குப் பெயரே அதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வலிக்கிற இடத்தில் ரெண்டு பட்டையை ஒட்டி, மிஷினைப் போட்டுவிட்டால் குறுகுறுவென்று இருக்கும், சுகமாகத் தூக்கம் வரும். நானோ அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எழுந்திரு, உட்கார், எழுந்திரு, உட்கார் என்று உயிரை எடுத்தேன். வியர்த்து விறுவிறுத்துப் போன அண்ணன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நியாயம் கேட்டார்:

"கரண்ட் வைக்கிற எடத்துல மிஷின் வேலை செய்யும், நான் தூங்குவேன். இங்க நான் வேலை செய்யுறேன், நீங்க நின்னு பாக்குறீங்க. இதுல வைத்தியம் பாக்குறது யாரு டாக்டரம்மா?"

பத்துக்கு எத்தனை?

உடற்பயிற்சி செய்கிறவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரு கேள்வி உண்டு. ஒன்று என்றால் சுலபம், பத்து என்றால் தாங்க முடியவில்லை. எந்த எண் என்று அவரே சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தில் இது அழகாக வேலை செய்யும். திருச்சியில் யாரைக் கேட்டாலும் "பரவால்லங்க" என்பார்கள். முகம் நீலம் பாய்ந்திருக்கும், ஆனாலும் பரவாயில்லை.

மெஹருன்னிசா அக்கா அப்படி இல்லை. பெரிய கடை வீதிப் பக்கம் அவர் கணவருக்குப் படங்களுக்குக் கண்ணாடி பிரேம் போடும் கடை. அக்காவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, அதோடு தோள்பட்டை இறுகிப் போய், கை காதுக்கு மேல் போகாது. சுவரில் விரல்களை மெல்ல மெல்ல ஏற வைத்து, வலி உச்சிக்குப் போன இடத்தில் நிறுத்தி, "அக்கா, எவ்வளவு கஷ்டமா இருக்கு? பத்துக்கு எத்தனை?" என்றேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க மாமியார் பத்துன்னு வச்சுக்கிட்டா, அல்லா மேல ஆணையா சொல்றேன், இது ரெண்டுகூட வராது."

ஒரே தடவை

நான்காவது ஆள் சம்பத் மாமா. எழுபத்து நாலு வயது. சித்திரை வீதியில் தனியாகக் குடியிருப்பவர். மாமி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். உத்தியோக காலம் முழுக்க ஆடிட் ஆபீஸில் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர், அந்தப் பழக்கம் போகவில்லை. நடுக்குவாதம் வந்து கை ஆடும். நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் அடுக்களையில் விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்கத் தெரியாமல், பூக்காரம்மா வந்து கதவைத் தட்டும் வரை அப்படியே கிடந்திருக்கிறார். பெங்களூரிலிருந்து மகன் முரளி ஓடி வந்து, இனி அப்பாவைத் தனியாக விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். பதினான்காவது மாடியில் ஃப்ளாட், கதவுக்கு வெளியே லிஃப்ட், அதற்கு வெளியே யாரென்று தெரியாத ஜனங்கள். மாமாவுக்கு அதைக் கேட்டாலே கை நடுக்கம் இரட்டிப்பாகும். நான் முரளியிடம் போனில் மன்றாடினேன். இந்த வியாதியில் விழவே மாட்டார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது, ஆனால் விழுந்தால் எழுந்திருக்கச் சொல்லித்தர முடியும், ரெண்டு மாதம் கொடுங்கள் என்றேன். "சரி, வந்து பாப்பேன். தரையிலேர்ந்து தானா எழுந்துண்டா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா அன்னிக்கே கூட்டிண்டு போயிடுவேன்" என்றார்.

ஆக, மாமா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பாயில் படுத்து எழ வேண்டும், திரும்பத் திரும்ப. மாமா பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெருமாளைச் சேவிப்பதற்குத் தவிர வேறெதற்கும் தான் தரையில் விழுவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் விடுவேனா? சுவரில் ஒரு பெருமாள் படம் மாட்டி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள நாற்காலியும் போட்டேன். மாமா நாற்காலியைப் பிடித்து மெதுவாக இறங்கி, குப்புற விழுந்து சேவித்தார். என் தோளைப் பிடித்து, மூச்சு வாங்க எழுந்தார். "பிரமாதம் மாமா, இன்னும் ஒன்பது" என்றேன். பல தடவை விழுந்து சேவிப்பது வடகலையார் வழக்கம், ஒரு தடவையோடு முடித்துக்கொள்வது தென்கலையார் வழக்கம் என்பதெல்லாம் எடமலைப்பட்டி புதூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?

"நாங்க தென்கலை. எங்களுக்கு ஒரே தடவைதான். பத்து வேணும்னா வடகலைல யாரையாவது பிடிச்சுண்டு வாங்கோ."

பத்துப் படம்

அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தடவை விழுந்து எழுந்தால் ரெண்டு மாதத்தில் எந்தக் காலும் பலப்படாது. அப்போது மெஹருன்னிசா அக்காதான், "படம்தானே வேணும்? எங்க வீட்டுக்காரர் கடையில எல்லா சாமியும் வரிசையா நிக்கிறாங்க" என்றார். மறுநாள் ஆட்டோவில் தசாவதாரம் வந்து இறங்கியது. தனித்தனியாக பிரேம் போட்ட பத்து அவதாரம். சுவரோரமாக வரிசையாக வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே தடவை சேவித்தால் போதும் என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடிட் ஆபீஸ் சும்மா விடுமா? மாமா படங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "பத்தும் அதே பெருமாள்தானே? முதல் படத்தைச் சேவிச்சா எல்லாத்தையும் சேவிச்ச மாதிரிதான்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த டேனியல் சார் மிதிப்பதை நிறுத்தினார்.

"அப்ப நீங்க பத்துத் தடவை விழுந்தாலும் அவரு கணக்குல ஒரு தடவைதானே சாமி? எந்திரிங்க, எந்திரிச்சு விழுங்க."

வரிசை மாறாமல்

அதற்குப் பிறகு எங்கள் கிளாஸில் எண்ணிக்கையே ஒழிந்தது. மாமா இன்றைக்கு எத்தனை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை, எந்த அவதாரம் வரை வந்தார் என்றுதான் கேட்பார்கள். முதல் வாரம் ஆமையோடு நாக்கு தள்ளிவிட்டது. அப்புறம் நரசிம்மர் வந்தார். வாமனரிடம் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு, ஒரு வழியாகப் பரசுராமரைத் தாண்டினார். நடு நடுவே நான் பிரஷர் பார்ப்பேன். என் தோளை விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் பிடித்து எழ ஆரம்பித்தார். பெரியசாமி அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "மீனு ஆச்சு, ஆமை ஆச்சு, அடுத்தது பன்னிங்க" என்று குரல் கொடுப்பார். மாமா குப்புறக் கிடந்தபடியே "வராகம்னு சொல்லும் ஓய்" என்று அதட்டுவார்.

ஒரு நாள் முழங்கால் வலியோடு ஓர் அம்மாள் புதிதாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வரிசையாகப் படங்கள், தரையில் விழுந்து கிடக்கும் மாமா, பக்கத்தில் கை கட்டி நிற்கும் நான் எல்லாவற்றையும் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு மெல்ல என் காதருகே வந்து கேட்டார்:

"புளியோதரை எப்ப குடுப்பீங்க?"

முரளி வந்தார்

சொன்னபடி ரெண்டு மாதத்தில் முரளி வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, கம்ப்யூட்டர் வேலை, முன்னால் நன்றாகத் தள்ளிய தொப்பை. வீட்டில் ஏற்கனவே மாமாவின் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மற்ற மூவரும் பயிற்சி செய்வது போல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"எங்கேப்பா, விழுந்து எழுந்து காட்டுங்கோ" என்றார் முரளி. மாமா பாயின் ஓரம் வரை வந்தார். அங்கே கால் ஒட்டிக்கொண்டது. பதற்றம் வந்தால் இந்த வியாதி அப்படித்தான் பண்ணும். கை மட்டும் வேகமாக ஆடியது. ஒட்டிய கால் தாளத்துக்கோ தாண்ட வேண்டிய கோட்டுக்கோ சில சமயம் பெயரும் என்று நான் தாளம் தட்டிப் பார்த்தேன், "அந்தக் கோட்டைத் தாண்டுங்க மாமா" என்று பாயின் விளிம்பைக் காட்டினேன், ம்ஹூம். முரளி என்னைப் பார்த்து, "நான் சொன்னேனே மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதனால் அவர்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை.

மாமாவுக்குத்தான் கோபம் வந்தது. "ஏண்டா, பெங்களூர்லேர்ந்து வந்திருக்கே, தகப்பனைச் சேவிக்கணும்னு தோணலை, பரீட்சை வைக்க வந்துட்டே. விழுடா கீழே!" என்றார். எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் முரளி சட்டென்று பாயில் விழுந்து அப்பாவைச் சேவித்தார். விழுந்தவர் விழுந்தவர்தான். எழப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று அலறினார். நான் குனிவதற்குள் மாமாவின் கால் தரையை விட்டு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்து இறங்கி, மகனுக்குப் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். "பதறாதே, என்னைப் பாரு. கையை ஊனிக்கோ. முட்டியை மடக்கு. நாலு கால்ல நில்லு, வெட்கப்படாதே, இங்க எல்லாரும் அப்படித்தான். இப்ப ஒரு காலை முன்னாடி வை. நாற்காலியைப் பிடி" என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். என் தோளைத் தொடவே இல்லை. படத்தைப் பார்க்கவும் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மகன் இன்னும் நாலு காலில்தான் நின்றிருந்தார். மாமா அவரை மேலிருந்து கவலையோடு பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விழுந்தா எழுந்துக்கத் தெரியலையேம்மா இவனுக்கு. இவனைப் போய் இத்தனை நாள் பெங்களூர்ல தனியா விட்டு வச்சிருக்கேனே!"

முரளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தனியாகவே ஊர் திரும்பினார், மாமா மறுநாள் வழக்கம்போல் லேட்டாக வந்தார், என்னைப் பாராட்டத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்ன செய்வது, ஆளை எழுப்பி நிற்க வைப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது, நின்ற பிறகு அவர்கள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை.