திருப்பி அனுப்பிய கவர்

“அஞ்சு பள்ளிக்கூடத்துக்கு எழுதறியே, ஒருத்தராவது உனக்குப் பதில் போடுவாங்களா?”

சென்ற ஆண்டு மாசி மாதம், பாகூர் கடைத்தெருவில் காகிதக் கடை வைத்திருக்கும் பாய் என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். எட்டாவது தேறியிருந்தேன். உபாத்தியாயினிப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது ஒன்றே என் ஆசை. நான் விசாரித்த பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் பெண்ணையாற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரர் ஆளும் ஊர்களில் இருந்தன. எதில் இடம் கிடைக்கும் என்று தெரியாததால் ஐந்துக்கும் எழுதிவிட முடிவு செய்தேன். அம்மா நடவுக்குப் போய்ச் சேர்த்த கூலிதான் அதற்குக் கைமுதல்.

ஒவ்வொரு பள்ளியும் பதில் அனுப்ப, விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்றை உள்ளே வைக்கச் சொல்லியிருந்தது. அதிலும் எங்கள் ஊரை ஆளும் பிரெஞ்சுக்காரரின் ஸ்டாம்பையே ஒட்டியிருந்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டார்.

“இந்த ஸ்டாம்பு அக்கரையில செல்லாதும்மா. அங்கேருந்து வர்றதுக்கு இங்கிலீஷ் ராசா தலை போட்டதுதான் ஒட்டணும். சனிக்கிழமை நான் ஆத்தத் தாண்டிக் கூடலூரு போறேன், வாங்கியாறேன். நாலு நாள் பொறு.”

“காசு குடுத்து வாங்குன ஸ்டாம்பு எங்க போனாலும் செல்லும் பாய். படிச்சவளுக்கு இதுகூடவா தெரியாது?”

“படிச்ச புள்ள சொன்னா சரிதாம்பா” என்று சிரித்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அன்றே ஐந்தையும் தபாலில் சேர்த்தேன்.

முதல் பதில் பங்குனியில் வந்தது. என் கையெழுத்தில் விலாசம் எழுதிய அதே கவர். ஸ்டாம்பின்மேல் மையால் கோடு இழுத்திருந்தது. செல்லாத ஸ்டாம்பாம், இரண்டு பங்கு தபால் கூலி கட்டினால்தான் கவரைத் தருவேன் என்றார் தபால்காரர். அரிசிப் பானைக்குள் அம்மா முடிந்து வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தால், இடமில்லை என்று இரண்டே வரி.

பாய் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்துவிட்டது. உடனே மற்ற நான்கு பள்ளிகளுக்கும் ஒவ்வொரு கார்டு எழுதி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அப்படி எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். இடம் கொடுக்கிறவர்கள் தங்கள் செலவில் முறையாக எழுதுவார்கள்; இல்லை என்று சொல்கிறவர்கள்தான் நம் கவரிலேயே போட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்.

“காசு கேட்டா வாங்காதம்மா. அதுல ஒண்ணும் இருக்காது.”

சித்திரையில் ஒருநாள் நான் களத்து மேட்டிலிருந்து திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

“ஒரு கவர் வந்துச்சுடி. காசு கேட்டாரு, வோணாம்னுட்டேன். கொஞ்சம் மொத்தையா இருந்துச்சு. வாங்கியிருக்கணுமா?”

“நல்ல வேலை செஞ்சம்மா” என்றேன்.

பிறகு எதுவும் வரவில்லை. ஆனி பிறந்ததும் பொறுக்காமல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஐந்தில் பக்கத்திலிருந்த கூடலூர்ப் பள்ளிக்குப் போனேன். அம்மா உள்ளே வரக் கூசி, வாசல் கேட்டருகிலேயே நின்றுகொண்டாள். அலுவலக அறையில் இருந்த அம்மையார் என் பெயரைக் கேட்டதும் அலமாரியைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘வாங்க மறுத்தார்’ என்று அதன்மேல் எழுதியிருந்தது. உள்ளே நேரில் வரச்சொல்லிக் கடிதமும் நிரப்ப வேண்டிய படிவங்களும் இருந்தன.

“உனக்குத்தான் எடம் வச்சிருந்தோம். கடிதத்தை வேண்டாம்னு அனுப்பினா நாங்க இன்னாம்மா நெனைக்கறது? வேற பொண்ணு சேந்துட்டா.”

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

“நான் திருப்புனதா அது?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். நான் சொல்லித்தானே நீ திருப்பினாய் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எழுத்து தெரியாத முண்டம், எம் பொண்ணு பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டனே” என்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு எட்டு மாதம், நாற்றங்காலிலும் குளத்தங்கரையிலும் யார் என்னைப் பற்றிக் கேட்டாலும், தன்னால்தான் மகள் படிப்பு போயிற்று என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம்தான் சொன்னேன். ஸ்டாம்பு, பாய், நான் கண்டுபிடித்த நியாயம், எல்லாவற்றையும். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோபிக்கவில்லை.

“அந்த கேட்டாண்ட வச்சே சொல்லியிருக்கலாமேடி” என்றாள்.

கைவிட்டுப் போன இடத்தைவிட, வாயை மூடிக்கொண்டிருந்த அந்த எட்டு மாதம்தான் இன்றும் என்னை அறுக்கிறது. இந்த ஆண்டு கையிலிருக்கும் காசு ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் காணும். முந்தாநாள் அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கூடலூருக்கு நடந்தே போய், போன வருஷத்துத் தவறு என்னுடையது என்று அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டு, என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.